ஸ்பிட்ஃபயரும் 109-ம் ஓடுபாதையிலேயே கவிழ்கின்றனவே, என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: டிசிஎஸ் என்ற கணினி விமான விளையாட்டில், இரண்டாம் உலகப்போர் காலத்துப் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயர், மெஸ்ஸர்ஷ்மிட் 109 இரண்டையும் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. வானத்திலேயே தொடங்கும் சண்டைகளில் பிரச்சினை இல்லை. தரையிலிருந்து கிளம்பினால் மட்டும் விமானம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் இறக்கையைத் தேய்க்கிறது. தப்பித்தவறி மேலே போய்விட்டால், இறங்கும்போது தவளை மாதிரித் தாவித் தாவி மூன்றாவது தாவலில் கவிழ்கிறது. கோளாறு விளையாட்டிலா, என் கையிலா?

இரண்டிலும் இல்லை, காலில். ஜெட் ஓட்டிவிட்டு பழைய விமானத்துக்கு வரும் எல்லோருக்கும் இது நடக்கும். எஃப்-16 ஓட்டும்போது ஓடுபாதையில் காலுக்குப் பெரிய வேலை கிடையாது. மூக்கின் கீழ் சக்கரம் இருக்கும் விமானம் தானாகவே நேராக ஓடப் பார்க்கும். ஸ்பிட்ஃபயர், 109 மாதிரி மூக்குக்குப் பதில் வாலின் கீழ் சக்கரம் இருக்கும் வால்சக்கர விமானம் தானாகவே திரும்பப் பார்க்கும்.

காரணம் எளிது. குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளை முன்னோக்கித் தள்ளிவிட்டால் ஓரளவு நேராகப் போகும். அதையே பின்பக்கமாக வேகமாகத் தள்ளிவிட்டுப் பாருங்கள், நாலடி போவதற்குள் சுழன்று விழும். ஸ்பிட்ஃபயர் ஓடுவது ஏறத்தாழ அந்தக் கதைதான். பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால், எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால். மூக்கு கொஞ்சம் விலகியதும் பின்னால் இருக்கும் எடை முந்திக்கொண்டு வரப் பார்க்கிறது, விலகல் இன்னும் பெருகுகிறது. முதல் அரை நொடியில், வால் துடுப்பைத் திருப்பும் கால் பெடலை லேசாகத் தொட்டாலே போதும். ஒரு நொடி விட்டுவிட்டால் முழுக்க மிதிக்க வேண்டும். அதற்கும் மேல் விட்டுவிட்டால் மிதித்துப் பயனில்லை, விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். கிரவுண்ட் லூப் என்பது இதுதான்.

சரி, ஏன் எப்போதும் இடது பக்கம்? மெர்லின் எஞ்சின் வைத்த ஸ்பிட்ஃபயரிலும், 109-லும் ப்ரொப்பெல்லர் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதன் எதிர்விசை உடலை இடது பக்கம் சாய்க்கிறது, இடது சக்கரம் தரையில் கூடுதலாக அழுந்துகிறது. ப்ரொப்பெல்லர் பின்னால் தள்ளும் காற்று திருகாணி மாதிரி உடலைச் சுற்றிவந்து வாலின் செங்குத்துத் துடுப்பை இடது பக்கத்திலிருந்து அறைகிறது. வால் வலப்புறம் போக, மூக்கு இடப்புறம் வருகிறது. வால் தரையில் கிடக்கும்வரை ப்ரொப்பெல்லர் அண்ணாந்த நிலையில் இருப்பதால், கீழே இறங்கும் வலது பக்க அலகு மேலேறும் இடது பக்க அலகைவிட அதிகமாக இழுக்கிறது. அதுவும் மூக்கை இடது பக்கமே தள்ளும்.

நான்காவது ஒன்று இருக்கிறது, புதியவர்களை ஏமாற்றுவது அதுதான். சுற்றும் ப்ரொப்பெல்லர் ஒரு பெரிய பம்பரம். அதன் அச்சை ஒரு திசையில் சாய்த்தால் அது தொண்ணூறு டிகிரி தள்ளி வேறு திசையில் பதில் சொல்லும். நீங்கள் ஸ்டிக்கை முன்னே தள்ளி வாலைத் தூக்கும் அந்த நொடியில் மூக்கு இடது பக்கம் இன்னொரு முறை வெட்டும். "நேராகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, வால் எழுந்ததும் போய்விட்டது" என்று நிறையப் பேர் புலம்புவது இதனால்தான். எவ்வளவு வேகமாக வாலைத் தூக்குகிறீர்களோ, வெட்டும் அவ்வளவு பலமாக இருக்கும்.

ஒரு இடைச்செருகல். இது எல்லா விமானத்துக்கும் இடது பக்கம் அல்ல. கிரிஃபன் எஞ்சின் வைத்த ஸ்பிட்ஃபயர் 14-ல் ப்ரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றும், விமானம் வலது பக்கம் இழுக்கும். மெர்லினில் பழகிய கால் அங்கே துல்லியமாகத் தவறான பெடலை மிதிக்கும். பி-38-ல் இரண்டு ப்ரொப்பெல்லர்களும் எதிரெதிராகச் சுற்றுவதால் இந்தத் தொல்லையே கிடையாது. மஸ்கிட்டோவிலும் இரண்டு எஞ்சின்கள்தான், ஆனால் இரண்டும் ஒரே திசை. அதனால் அதுவும் இழுக்கும்.

இவ்வளவு முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது என்றால், எஞ்சின் வளர்ந்த அளவுக்கு மற்றவை வளரவில்லை. 109 முதலில் பறந்தது 1935 மே மாதத்தில், அதுவும் பிரிட்டிஷ்காரர்களின் ரோல்ஸ் ராய்ஸ் கெஸ்ட்ரல் எஞ்சினோடு. சுமார் 700 குதிரைத்திறன். நீங்கள் டிசிஎஸ்-ல் ஓட்டும் 109-ன் கே-4 வகை அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் சக்தி உடையது. சக்கரக் கால்கள் மட்டும் அதே பழைய ஏற்பாடுதான்: உடலோடு பொருத்தி, வெளிப்பக்கமாக விரிந்து நிற்பவை. இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் சொந்தக் காலில் நிற்கும் என்பது அதில் இருந்த வசதி. 109-ன் சிக்கலுக்குக் கால்கள் நெருக்கமாக இருப்பது மட்டுமே காரணம் என்று எங்கும் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். 109-ன் சக்கரங்களுக்கு இடையே ஏறத்தாழ 2 மீட்டர் இருக்கிறது. ஸ்பிட்ஃபயரில் அதைவிடக் குறைவு, 1.7 மீட்டர்தான். 109-ல் கால்கள் விரிந்து நிற்பதால் சக்கரங்கள் தரையைச் சாய்வாகத் தொடுகின்றன. ஒரு பக்கம் எடை கூடினால் அந்தச் சக்கரம் விமானத்தைத் தன் போக்கில் இழுக்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

இன்னொன்று, இவை 1930-களின் புல்வெளி விமானத்தளங்களுக்காகப் பிறந்தவை. புல்லில் டயர் பக்கவாட்டில் கொஞ்சம் வழுக்கும், சிறு தவறுகளை மன்னிக்கும். கான்கிரீட் பிடித்துக்கொள்ளும். டிசிஎஸ்-ன் நார்மண்டி வரைபடத்தில் புல் ஓடுபாதைகள் இருக்கின்றன, பழகுவதற்கு அங்கே போங்கள்.

விமானத்தில் ஏறும் முன் மேசையைச் சரிசெய்ய வேண்டும். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. டிசிஎஸ் அமைப்புகளில் ஸ்பெஷல் என்ற பக்கத்தில் இந்தப் பழைய விமானங்களுக்கு டேக் ஆஃப் உதவி, ஆட்டோ ரட்டர் என்று இரண்டு இருக்கும் (ரட்டர் என்பது பெடலால் திருப்பும் வால் துடுப்பு). அவை எந்த அளவில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். உதவிதானே என்று விட்டுவைத்தால், நீங்கள் ஒரு பக்கம் திருத்த, அது ஒரு பக்கம் திருத்த, இரண்டு பேர் ஒரே ஸ்டியரிங்கைப் பிடித்த கதை ஆகிவிடும். நான் உதவியைப் பூஜ்ஜியத்தில் வைத்து, ஆட்டோ ரட்டரை அணைத்துவிட்டுத்தான் தேறினேன்.

பெடல் இல்லாமல் ஸ்டிக்கைத் திருகி ரட்டர் கொடுப்பவராக இருந்தால், அந்த அச்சுக்கு 15 முதல் 20 வரை வளைவு கொடுங்கள். நடுப்பகுதி மென்மையாகும். செத்த பகுதியை, அதாவது அசைத்தாலும் விளையாட்டு கண்டுகொள்ளாத நடு இடத்தை, முடிந்தவரை குறையுங்கள். கீபோர்டில் ரட்டர் என்றால் நேராகச் சொல்லிவிடுகிறேன், 109 வேண்டாம். மலிவான பெடல் கிடைத்தாலும் வாங்குங்கள். வாங்கினால் அடுத்த பிரச்சினை வரும்: மிதிக்க மிதிக்க, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னால் உருண்டு போகும். நான் முதல் வாரம் முழுக்க டேக் ஆஃப் செய்யும்போதெல்லாம் மேசையை விட்டு விலகிக்கொண்டே இருந்தேன். நாற்காலிச் சக்கரங்களைப் பழைய செருப்புகளுக்குள் நிறுத்தி வைத்ததும் சரியானது. சிரிக்காதீர்கள், இன்றும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஸ்பிட்ஃபயரில் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்யும், லீவர் ஸ்டிக்கிலேயே இருக்கிறது. லீவரை அழுத்தியபடி எந்தப் பெடலை மிதிக்கிறீர்களோ அந்தப் பக்கச் சக்கரம் பிடிக்கும். பெடல் நடுவில் இருந்தால் இரண்டும் சமமாகப் பிடிக்கும். இதைப் பொத்தானில் வைக்காமல் ஏதாவது ஒரு அச்சில் வையுங்கள். பொத்தான் என்றால் ஒன்று பிரேக் இல்லை, இல்லாவிட்டால் முழு பிரேக். முழு பிரேக் என்றால் ஸ்பிட்ஃபயர் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும்.

இப்போது கிளம்புவோம். ஸ்பிட்ஃபயரில் தரையில் நெடுநேரம் நிற்காதீர்கள், இறக்கைக்கு அடியில் இருக்கும் ரேடியேட்டருக்கு ஓடினால்தான் காற்று. மூக்கு முன்பக்கத்தை முழுக்க மறைக்கும், எனவே ஓடுபாதைக்குப் போகும்போது பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து போக வேண்டும். டிரிம் என்பது துடுப்பைக் கை, கால் வலிக்காமல் ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருக்கும் ஏற்பாடு. ரட்டர் டிரிம் முழுக்க வலப்பக்கம். மூக்கை மேலும் கீழும் ஆட்டும் எலிவேட்டரின் டிரிம் மூக்கு கீழ்நோக்கி ஒரு கோடு. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தகடு) மேலேயே இருக்கட்டும், அதற்கு இருப்பதே இரண்டு நிலைதான், கீழ்நிலை இறங்குவதற்கு மட்டும். ஓடுபாதையில் நேராக நின்றபின் ஐந்தாறு மீட்டர் மெதுவாக உருண்டு நில்லுங்கள். ஸ்பிட்ஃபயரின் வால்சக்கரத்துக்குப் பூட்டு கிடையாது, அது கோணலாக நின்றால் முதல் அடியே கோணல்.

எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளுவதுதான் முதல் தவறு. வால் துடுப்பு காற்றில் பிடிப்பு பெறும் முன்பே எஞ்சினின் முழு விசை வந்துவிடும். ஏழு, எட்டு நொடி எடுத்துக்கொண்டு தள்ளுங்கள். பூஸ்ட் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம்) +4-க்கு வரும்போது துடுப்பு கடிக்கத் தொடங்குவது காலில் தெரியும். +7 போதும், அதற்கு மேல் தேவையில்லை. ஸ்டிக்கைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்தே வைத்திருங்கள், இடது சக்கரத்தின் மேல் ஏறும் எடை குறையும்.

கண் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மூக்கையோ வேகமானியையோ பார்த்தால் தொலைந்தோம். ஓடுபாதையின் கடைசி முனை மூக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும், அதன் இரண்டு ஓரங்களும் பக்கவாட்டில் தெரியும். அவற்றையே பாருங்கள். விலகலைக் கண்ட பிறகு பெடலைத் தொட்டால் அதற்குள் தாமதம். தொட்டு விடு, தொட்டு விடு என்று கால் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கட்டும். மிதித்து அப்படியே பிடித்தால் மூக்கு அடுத்த பக்கம் ஓடும். பிறகு அதைத் திருத்த எதிர்ப்பக்கம் மிதிப்பீர்கள், ஊசலாட்டம் தொடங்கும், மூன்றாவது ஆட்டத்தில் இறக்கை தரையில்.

வாலை நீங்கள் தூக்க வேண்டாம். ஸ்டிக்கை நடுவுக்கு விட்டால் அதுவே எழும். எழும் நொடியில் வலது காலை இன்னும் கொஞ்சம் அழுத்துங்கள், பம்பரக் கணக்கு நினைவிருக்கட்டும். வால் கிடைமட்டத்துக்கு வர வேண்டும் என்று தள்ளினால் ப்ரொப்பெல்லர் தரையில் உரசும். 90, 100 மைலில் விமானமே மேலே போக விரும்பும், விட்டுவிடுங்கள்.

சக்கரங்களை மடக்கும் கியர் லீவர் ஸ்பிட்ஃபயரில் வலது பக்கம் இருக்கிறது. நிஜ விமானிகள் இடது கையை த்ராட்டிலிலிருந்து ஸ்டிக்குக்கு மாற்றி, வலது கையால் கியரை இழுத்தார்கள். பழைய படச்சுருள்களில் கிளம்பிய ஸ்பிட்ஃபயர்கள் சட்டென்று மேலும் கீழும் தலையாட்டுவது அந்தக் கைமாற்றத்தால்தான். உங்களுக்கு அது ஒரு பொத்தான், அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்.

109-ல் முறை கொஞ்சம் வேறு. வால்சக்கரத்தைப் பூட்டலாம், கட்டாயம் பூட்டுங்கள். ஸ்டிக்கை வயிற்றோடு இழுத்துப் பிடித்து, பூட்டிய சக்கரத்தைத் தரையில் அழுத்தியபடி ஓடினால் முதல் 100 கிலோமீட்டர் வேகம் வரை அதுவே உங்களை நேராக வைத்திருக்கும். பிறகு மெதுவாக ஸ்டிக்கைத் தளர்த்துங்கள். காக்பிட்டிலிருந்து திருப்பும் ரட்டர் டிரிம் இதில் இல்லை, எனவே வலது காலில் வலி வரும்வரை மிதித்துத்தான் ஆக வேண்டும். 1.1 ஆட்டா (ஜெர்மன் விமானங்களில் பூஸ்டை அளக்கும் அலகு) அளவுக்கே த்ராட்டில் கொடுங்கள், முழு சக்தி மேலே போனபின். 180 சுமாருக்கு எழும். எழுந்ததும் இடது இறக்கை சாய்ந்தால் ஸ்டிக்கை வலப்பக்கம் வெட்டி இழுக்காதீர்கள். மூக்கைத் தாழ்த்தி, வேகம் கூட விட்டு, பெடலால் நிமிர்த்துங்கள்.

இனி இறங்குவது. இதில்தான் அதிகம் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் உங்கள் தவளைத் தாவல் தரையில் தொடங்கவில்லை. அதற்கு ஒரு நிமிடம் முன்பே, வேகத்தில் தொடங்கிவிட்டது.

தாவலுக்கு ஸ்பிரிங் காரணம் என்று தோன்றும், பெரும்பாலும் அது இல்லை. வேகமாக வந்து முன்சக்கரங்கள் இரண்டும் முதலில் தரையில் அறைந்தால், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் எடை வாலைக் கீழே இறக்குகிறது. வால் இறங்கினால் இறக்கையின் கோணம் கூடுகிறது. பறக்கப் போதுமான வேகம் இன்னும் இருப்பதால் விமானம் மறுபடி பறக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் பயந்து ஸ்டிக்கை முன்னே தள்ளுகிறீர்கள், அது இன்னும் பலமாக அறைகிறது, இன்னும் உயரமாக எழுகிறது. ஒவ்வொரு தாவலிலும் வேகம் குறைவதால் மூன்றாவது முறை மேலே இருக்கும்போது ஸ்டால், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கிறது, ஒரு பக்க இறக்கை விழுகிறது. வேகத்தைச் சரியாகக் கொண்டுவந்தால் இந்தத் தொடர் தொடங்கவே தொடங்காது.

ஸ்பிட்ஃபயருக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: ஓடுபாதைக்கு இணையாகப் போகும்போதே 160 மைலுக்குக் கீழே வந்து கியர், பிறகு ஃபிளாப். திரும்பும்போது 110. கடைசி நேர்ப்பகுதியில் 95 முதல் 100. ஓடுபாதையின் விளிம்பைக் கடக்கும்போது 85, 90. 109-க்கு கியர் 350 கிலோமீட்டருக்குக் கீழே, திருப்பத்தில் 220, நேர்ப்பகுதியில் 200, விளிம்பில் 180. எரிபொருள் நிறைய இருந்தால் கொஞ்சம் கூடும். 109-ல் ஃபிளாப் சக்கரமும் வால் டிரிம் சக்கரமும் இடது கைக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து இருக்கும், இரண்டையும் ஒரே கையால் சேர்த்துத் திருப்பும்படி வைத்திருக்கிறார்கள். நீங்களும் இரண்டையும் அருகருகே உள்ள பொத்தான்களில் வையுங்கள். மெதுவாகும்போது இறக்கையின் முன்விளிம்புத் தகடுகள் தாமாக வெளியே வரும், பயப்பட வேண்டாம்.

நீளமான நேர்ப்பகுதியில் வராதீர்கள். நேராக வந்தால் மூக்கு ஓடுபாதையை மறைத்துவிடும், கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குவதுபோல ஆகும். இணையாகப் போன இடத்திலிருந்து தொடர்ந்து இடது பக்கம் வளைந்துகொண்டே இறங்குங்கள், ஓடுபாதை எப்போதும் இடது தோளுக்கு மேல் தெரியட்டும். தரை நெருங்கும்போதுதான் இறக்கையை நிமிர்த்த வேண்டும். கோர்சேர் என்ற அமெரிக்கக் கடற்படைப் போர் விமானத்துக்கு இதே வளைவுதான் உயிர் கொடுத்தது. அதன் நீண்ட மூக்குக்குப் பின்னால் கப்பலின் தளம் தெரியாது, ஸ்டால் ஆனால் இடது இறக்கை திடீரென்று விழும், தரை தொட்டால் துள்ளும். அமெரிக்கக் கடற்படை முதலில் அதைப் பெரும்பாலும் தரைத்தளங்களிலிருந்தே ஓட்டியது. பிரிட்டிஷ் கடற்படை வளைந்து வந்து இறங்கும் முறையோடு அதைக் கப்பல்களில் பயன்படுத்தியது. 1944 ஏப்ரலில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கியபோது கோர்சேர்கள் துணைக்குப் போயிருந்தன. இடது இறக்கை விழுவதற்கு மருந்தாக வலது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னப் பட்டை ஒட்டினார்கள், இரண்டு இறக்கைகளும் சேர்ந்தே ஸ்டால் ஆகட்டும் என்று. இந்த எளிமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

விளிம்பைக் கடந்ததும் த்ராட்டிலை மெதுவாக மூடி, தரைக்கு ஓரடி மேலே விமானத்தைப் பிடித்து நிறுத்துங்கள். அது இறங்கப் பார்க்கும், நீங்கள் இறங்க விடாமல் ஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுக்க வேண்டும். மூக்கு மெல்ல உயர்ந்து, தரையில் நிற்கும்போது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு வரும். அந்த நிலையில் பறக்கும் வேகம் தீர்ந்துபோய் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொட்டால் தாவ எதுவும் மிச்சமில்லை. அந்த நிலை எப்படி இருக்கும் என்று தெரிய, கிளம்பும் முன் தரையில் நிற்கும்போதே காக்பிட் கண்ணாடியில் தொடுவானம் எந்த இடத்தில் வெட்டுகிறது என்று மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் தாவிவிட்டால்? சின்னத் தாவல் என்றால் ஸ்டிக்கை அசைக்காமல் துளி த்ராட்டில் கொடுத்து அதுவே இறங்க விடுங்கள். பெரிய தாவல் என்றால் இறங்குவதை மறந்துவிட்டு மறுபடி மேலே போங்கள். ஆனால் த்ராட்டிலைப் பதறி அடித்துத் திறக்காதீர்கள். மெதுவான வேகத்தில் முழு சக்தி வந்தால் எஞ்சினின் எதிர்விசை விமானத்தையே இடது பக்கம் மல்லாத்திவிடும். மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானத்தில் இது எனக்கு எத்தனை முறை நடந்தது என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். த்ராட்டிலும் வலது காலும் சேர்ந்தே போக வேண்டும்.

கிளம்பும்போது முழுக்க வலப்பக்கம் வைத்த ரட்டர் டிரிமை இறங்கும் முன் நடுவுக்குக் கொண்டுவருவதையும் மறக்காதீர்கள். எஞ்சின் விசை இல்லாதபோது அது உங்களை வலது பக்கம் இழுக்கும். எப்போதும் இடது பக்கம் இழுக்கும் விமானம் இறங்கும்போது மட்டும் ஏன் வலது பக்கம் போகிறது என்று நான் ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டது இதனால்தான்.

தரை தொட்டபிறகுதான் கிரவுண்ட் லூப்புக்கு நல்ல நேரம். வேகம் குறையக் குறைய ரட்டர் செத்துக்கொண்டே வரும், பிரேக் போடவோ இன்னும் ஆபத்தான வேகம். ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்து வைத்து, காலைத் தட்டிக்கொண்டே இருந்து, கடைசியில் மட்டும் பிரேக்கை விட்டு விட்டு லேசாகத் தொடுங்கள். விமானம் நின்ற பிறகே காபிக் கோப்பையைத் தேடலாம்.

பழகும் வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிசிஎஸ்-ஓடு இலவசமாக வரும் டிஎஃப்-51டி-யில் தொடங்குங்கள். மஸ்டாங்கின் ஆயுதமில்லாத வடிவம் அது. சக்கரங்களுக்கு இடையே மூன்றரை மீட்டருக்கும் மேல் இருக்கிறது. ஸ்டிக் நடுவிலோ பின்னாலோ இருக்கும்வரை வால்சக்கரம் பெடலுக்குக் கட்டுப்பட்டு இரு பக்கமும் ஆறு டிகிரிதான் திரும்பும், ஸ்டிக்கை முழுக்க முன்னே தள்ளினால்தான் விடுபடும். காற்றைப் பூஜ்ஜியமாக வைத்து, பாதி எரிபொருளோடு, பறக்கவே பறக்காமல் ஓடுபாதையின் முனையிலிருந்து முனை வரை 50 மைல் வேகத்தில் ஓட்டுங்கள். ஒரு நாள் முழுக்க அதை மட்டும் செய்யுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் கால் கற்பது அங்கேதான். அப்புறம் ஸ்பிட்ஃபயர், கடைசியில் 109.

வலது கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும், உங்கள் ஸ்டிக்கும் பெடலும் அந்த நொடியில் எங்கே இருக்கின்றன என்று அது காட்டும். அதை வைத்துக்கொண்டே ஒரு டேக் ஆஃப் செய்து, ரீப்ளேயில் பாருங்கள். பெடல் குறி ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றால் தாமதமாக மிதிக்கிறீர்கள். நடுவிலேயே நடுங்கிக்கொண்டிருந்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள். இத்தனைக்குப் பிறகும் இழுத்தால், எந்த வேகத்தில் இழுக்கிறது, வால் எழுந்ததற்கு முன்பா பின்பா என்று எழுதுங்கள், பார்க்கலாம்.